மாமியார் மிதித்த கால்

பதினான்காம் லாயத்தில் ஒரு குதிரை தன் நொண்டலை மறைத்துவிட முடியாது. விடிந்தும் விடியாததுமாக மேஸ்திரி ஃபெர்மின் சந்தேகப்பட்ட குதிரையை வெளியே வரவழைத்து, கெட்டித் தரையில் ஓடவிட்டுப் பார்ப்பார். வலிக்கிற கால் தரையில் படும்போது தலை மேலே போகும். நல்ல கால் படும்போது கீழே இறங்கும். அவ்வளவுதான், எந்தக் கால் என்று அங்கே கூட்டிப் பெருக்குகிறவன்கூடச் சொல்லிவிடுவான். உடனே டாக்டர் என்ன, எக்ஸ்ரே என்ன, ஐஸ் கட்டு என்ன, லாயமே அமளிதுமளிப்படும். அதே லாயத்தில் ஒரு மனிதன் மாதக்கணக்கில் நொண்டினாலும் கேட்க நாதி இல்லை. மனிதனை யார் ஓடவிட்டுப் பார்க்கிறார்கள்?

ஒதிலியாவின் புருஷன் நஸாரியோ அந்தத் தைரியத்தில்தான் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்.

புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் சொந்த ஊர் மெக்ஸிகோவில் ஸகதேகாஸ் பக்கம். நியூயார்க்கை ஒட்டிய இந்தப் பந்தய மைதானத்துக்குப் பருவ வேலைக்கென்று விசாவில் வந்தவர்கள், பருவம் முடிந்தும் திரும்பவில்லை. இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. நஸாரியோவுக்கு நாலு குதிரை பொறுப்பு: தேய்ப்பது, கட்டுப் போடுவது, தீனி வைப்பது. ஒதிலியாவுக்கு ஓடிவிட்டு வந்த குதிரையின் சூடு தணிகிற வரை கயிற்றைப் பிடித்துக்கொண்டு லாயத்தைச் சுற்றி நடக்கிற வேலை. அவள் நடந்த நடையை நேராகப் போட்டிருந்தால் ஸகதேகாஸுக்கே பத்துத் தடவை போய் வந்திருப்பாள்.

இங்கே பிறந்த மூத்த மகள் மரிசேலாவுக்கு இருபத்தொரு வயது முடிந்ததும் அப்பா அம்மா இருவருக்கும் கிரீன் கார்டு கேட்டு மனுப் போட்டாள். இருபது வருஷமாகக் குதிரைக்கொம்பாக இருந்தது இப்போதுதான் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்திருந்தது. வக்கீலம்மா வந்தாள், உடம்புப் பரிசோதனை முடிந்தது, கைரேகை முடிந்தது. நேர்காணல் ஒன்றுதான் பாக்கி.

அந்த நேரம் பார்த்துத்தான் கேண்டீன் சமையல்காரன் செஃபெரினோ வாயைத் திறந்தான். அவனுக்கு முட்டை பொரிக்கத் தெரிவதைவிட ஊர் வம்பு பொரிக்க நன்றாகத் தெரியும்.

"தர்ம ஆஸ்பத்திரியில ஒரு மாத்திர வாங்கினாக்கூட கம்ப்யூட்டர்ல ஏறிடும் தெரியுமா? 'இவன் அரசாங்கத்துக்குப் பாரம்'னு ஒரு குத்து குத்திடுவான். எங்க சின்னம்மா மவனுக்கு அப்படித்தான் போச்சு."

அந்தச் சின்னம்மா மகன் மூன்று மாநிலத்தில் மூன்று கல்யாணம் செய்துகொண்டவன் என்பதை அவன் சொல்லவில்லை. நஸாரியோவும் கேட்கவில்லை. மகள் தலையில் அடித்துக்கொண்டு, "அப்பா, அதெல்லாம் கணக்குல வராதுப்பா" என்றாள். "அவ சின்னப் புள்ள, அவளுக்கென்ன தெரியும்" என்று இந்த மனுஷன் செஃபெரினோவின் பேச்சையே வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார்.

கேண்டீனுக்குப் பின்னால் லாயத்துத் தொழிலாளிகளுக்கென்று ஒரு சின்ன ஆஸ்பத்திரி. இரண்டு அறை, ஒரு நர்ஸ், வாரத்துக்கு இரண்டு நாள் டாக்டர். நஸாரியோவின் சர்க்கரை வியாதிக்கும் ஒதிலியாவின் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை அங்கேதான். செஃபெரினோ சொன்ன அன்றே நஸாரியோ உத்தரவு போட்டுவிட்டார்.

"கார்டு வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் அந்தப் பக்கம் தலவச்சுப் படுக்கக் கூடாது. என்ன, புரியுதா?"

"புரியுது புரியுது" என்றாள் ஒதிலியா.

அவர் மாத்திரையை நிறுத்திவிட்டுக் காலையில் சப்பாத்திக்கள்ளிச் சாறு குடிக்க ஆரம்பித்தார். "சர்க்கர எறங்கிடுச்சுடி, உடம்பே லேசா இருக்கு" என்று பெருமை வேறு. ஒதிலியா என்ன செய்தாள் தெரியுமா? அழுக்குத் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு சலவை யந்திரம் இருக்கிற கொட்டகைக்குப் போவாள். ஆஸ்பத்திரி அதற்கு அடுத்த கதவு. துணி சுற்றுகிற நேரத்துக்குள் மாத்திரையை வாங்கிப் போட்டிருக்கிற காலுறைக்குள் செருகிக்கொண்டு வந்துவிடுவாள். அவள் அம்மா தலைக்கு ரத்தம் ஏறித்தான் செத்தாள். அதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். இருந்தாலும் ஒவ்வொரு மாத்திரையை விழுங்கும்போதும் சுற்றுமுற்றும் பார்த்துக்கொள்வாள். தான் விழுங்குகிற இந்தச் சனியன் இருவருடைய கார்டையும் சேர்த்து விழுங்கிவிடுமோ என்று பயம். பயந்துகொண்டே விழுங்கினாள்.

நஸாரியோவின் நாலு குதிரைகளில் ஒன்றுக்கு முதலாளி வைத்த பேர் என்னவோ நீளமான ஆங்கிலப் பேர். லாயத்தில் எல்லோருக்கும் அவள் 'மாமியார்'. கடிப்பாள், உதைப்பாள், வைத்த தீனியில் குறை கண்டுபிடிப்பாள், பந்தயத்தில் மட்டும் பிய்த்துக்கொண்டு ஓடுவாள். மார்ச் மாதக் குளிரில் ஒருநாள் கட்டு மாற்றிக்கொண்டிருந்த நஸாரியோவின் வலது பாதத்தின் மேல் மாமியார் ஏறி நின்றாள். நின்றவள் உடனே இறங்கவும் இல்லை. இந்த விஷயத்தை நஸாரியோ ஒரு ஈ காக்கையிடம்கூடச் சொல்லவில்லை.

ஒதிலியாவுக்கு அது எப்படித் தெரிந்தது என்றால், காதால் தெரிந்தது. ஏப்ரல் கடைசியில் ஒருநாள் காலை அவள் மாமியாரைப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்தாள். பின்னால் யாரோ தண்ணீர் வாளி தூக்கி வருகிற சத்தம். ஒரு அடி முழுசாக விழுந்தது, அடுத்த அடி அரைகுறையாக விழுந்தது. இத்தனை வருஷமாகக் குளம்புச் சத்தம் கேட்ட காது அது, பொய் சொல்லாது. திரும்பிப் பார்த்தாள். நஸாரியோ இரண்டு வாளியோடு சிலையாக நின்று பல்லைக் காட்டினார்.

"யோவ் கிழவா, கால்ல என்ன?"

"ஒண்ணுமில்லடி கிழவி. பூட்ஸ் கடிக்குது."

"நாலு வருஷமா கடிக்காத பூட்ஸு இன்னிக்குத்தான் கடிக்குதா? அதுக்குப் பல்லு இப்பத்தான் மொளச்சுதா?"

"வேலயப் பாருடி."

அவள் வேலையைப் பார்க்கவில்லை. மாமியாரின் கயிற்றை மேஸ்திரி ஃபெர்மின் கையில் திணித்தாள். கெட்டித் தரையின் நடுவில் போய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"வாளியக் கீழ வை. ஓடு."

"என்னது?"

"அந்தக் கோடி வரைக்கும் ஓடிட்டு என்னப் பாத்துத் திரும்பி ஓடி வா. குதிரைக்கு ஒரு நியாயம், ஒனக்கு ஒரு நியாயமா?"

லாயமே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. ஒருவன் விசிலடித்தான். "பந்தயம் கட்டலாமா மேஸ்திரி?" என்றான் இன்னொருவன். அத்தனை பேருக்கு முன்னால் ஓட மாட்டேன் என்றால் அதுவே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். நஸாரியோ தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஓடினார். போகும்போது முதுகைத்தான் பார்க்க முடிந்தது. திரும்பி வரும்போது எல்லோரும் பார்த்தார்கள். வலது கால் தரையில் படும் ஒவ்வொரு தடவையும் அவர் தலை மேலே எகிறியது.

"வலது முன்னங்கால்" என்றார் ஃபெர்மின், பழக்கதோஷத்தில்.

யாரும் சிரிக்கவில்லை. விசிலடித்தவன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஒதிலியா அவரை வைக்கோல் கட்டின் மேல் உட்காரவைத்து, அவர் திமிறத் திமிற பூட்ஸைக் கழற்றினாள். உள்ளே காலுறை இல்லை. குழந்தைகளுக்குக் கட்டுகிற டயபர் இருந்தது, அதன் மேல் வெள்ளி டேப் சுற்றியிருந்தது. குளம்பில் சீழ் வைத்தால் குதிரைக்கு இங்கே அப்படித்தான் கட்டுவார்கள். டேப்பைப் பிரித்தாள். அயோடினில் குழைத்த சர்க்கரை பழுப்புச் சேறாக வழிந்தது. அதற்கடியில், பெருவிரலுக்குக் கீழே, ஒரு புண். ஓரமெல்லாம் கறுத்திருந்தது. லாயத்தின் சாணி நாற்றத்தையும் மீறி ஒரு வாடை வந்தது.

"அட பாவி மனுஷா! சர்க்கர வியாதிக்காரன் கால்ல சர்க்கரய வச்சா கட்டுவான்?"

"மாமியாருக்கு இதத்தான வச்சோம்? நாலே நாள்ல ஆறிடுச்சே!"

"மாமியார் குதிர! நீ கழுத!"

சொல்லிவிட்டாளே தவிர, மேற்கொண்டு திட்ட மனசு வரவில்லை. இதே மருந்தை எத்தனையோ குளம்புக்கு அவர் வைத்து ஆறியதை அவளும் பார்த்திருக்கிறாள். அந்த நம்பிக்கையில் வைத்திருக்கிறார். மாமியாரின் காலில் லேசாகச் சூடு கண்டால் மூன்று டாக்டர் வருகிறார்கள். இந்த மனுஷன் தன் காலைத் தானே அழுகவிட்டுக்கொண்டு அதே மாமியாருக்கு ஐஸ் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். மாமியார் கால் பொன்குடம், இவர் கால் மண்குடம்.

"எந்திரி. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"மாட்டேன்."

"வலிக்குதா?"

"புண்ணுல வலியே இல்லடி, கணுக்காலுதான் கொஞ்சம் பிடிக்குது. அதான் ஆறிடுச்சுன்னு சொல்றேன்."

புண் வலிக்கவில்லை என்றதும்தான் ஒதிலியாவுக்குப் பயம் வந்தது. வலிக்காத புண்தான் பொல்லாதது என்பது குதிரைக்காரர்களுக்குத் தெரியும்.

"அடுத்த மாசம் நேர்காணல்" என்றார் நஸாரியோ, தாழ்ந்த குரலில். "என் ஒருத்தனுக்கு மட்டும்னா பரவால்ல. ஒன் கார்டும் சேர்ந்துல்ல போயிடும். ஒரே மாசம் பொறுத்துக்கறேன். கார்டு கைக்கு வந்ததும் மொத வேலையா காட்டுறேன், போதுமா?"

"கார்ட வாங்கிட்டு எந்தக் கால வச்சுய்யா உள்ள போவ? நல்ல காரியத்துக்கு வலது கால எடுத்து வைன்னு ஒங்கம்மா சொல்லுவாங்களே, அந்த வலது காலு எங்கய்யா இருக்கும்?"

அவர் வைக்கோல் கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிடிவாதக்காரர். கழுத்தை நீட்டி நிற்கிற கோவேறு கழுதையைக்கூட நகர்த்திவிடலாம், ஸகதேகாஸ்காரனை நகர்த்த முடியாது. ஒதிலியா சுற்றிலும் பார்த்தாள். பிறகு மனசைக் கல்லாக்கிக்கொண்டு சொன்னாள்.

"நான் நிறுத்தல."

"என்ன நிறுத்தல?"

"மாத்திரய. மாசாமாசம் அங்க போயி வாங்கிட்டுத்தான் இருக்கேன். துணி தொவைக்கப் போறேன்னு போனதெல்லாம் அதுக்குத்தான்."

நஸாரியோவின் முகத்தில் ஈயாடவில்லை. "நெசமாவா?" என்றார். "என் பேரு போட்டா? நம்ம வீட்டு விலாசம் போட்டா?"

"எல்லாம் போட்டுத்தான். கம்ப்யூட்டர்ல ஏறணும்னா எப்பவோ ஏறியாச்சு. நீ கால அழுக விட்டுக் காப்பாத்துறதுக்கு அங்க ஒண்ணும் மிச்சமில்ல. முழுக்க நனஞ்சாச்சு, இனிமே முக்காடு எதுக்கு? எந்திரிய்யா!"

அவர் வைக்கோலைத் தட்டிவிட்டு எழுந்து நின்றார். கோபப்படுவார் என்று நினைத்தாள். "ஒன் ரத்தக் கொதிப்பு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார். அதைக் கேட்டதும் அத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த அழுகை அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

ஃபெர்மின் ஒரு பக்கம் தாங்கிப் பிடித்துக்கொள்ள, ஒதிலியா மறுபக்கம் பிடித்துக்கொள்ள, நஸாரியோவை ஆஸ்பத்திரிக்கு நடத்திக்கொண்டு போனார்கள். நர்ஸ் தாமாரிஸ் போர்ட்டோ ரிக்கோக்காரி. வாய் நீளம், மனசு தங்கம். டயபரைப் பார்த்ததும் மூக்கைச் சுளித்தாள்.

"இதென்ன, ஒனக்கு லாடம் அடிக்கணுமா, காலுக்கு மருந்து போடணுமா? எத்தன மாசமா மாத்திர இல்ல?"

அவர் சொன்னார். தாமாரிஸின் கேலி அத்தோடு நின்றது. ஊசி முனையால் பாதத்தைத் தொட்டுத் தொட்டு, "தெரியுதா? இங்க?" என்று கேட்டாள். பாதி இடத்தில் அவருக்குத் தெரியவில்லை. அவள் போனை எடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் கேட்டாள்.

"ஆம்புலன்ஸா?" நஸாரியோ எழுந்தே விட்டார். "பெரியாஸ்பத்திரியா? அரசாங்கப் பாரம்னு…"

"ஒக்காரு! யார் சொன்னா? செஃபெரினோவா? அவன் வைக்கிற சூப்பச் சாப்பிட்டுட்டு எங்கிட்ட வயித்து வலின்னு வர்றவங்களுக்கு மாத்திர குடுத்தே எனக்குக் கை ஓஞ்சு போச்சு." அவள் அவர் தோளைப் பிடித்து அழுத்தினாள். "கேட்டுக்க. இந்த ரெண்டு ரூமும் அரசாங்கத்தோடது இல்ல. இந்த மைதானத்துல ஜெயிக்கிற ஒவ்வொரு குதிரையோட பரிசுலயும் ஒரு பங்கு இங்க வருது. ஒன் மாமியார் எத்தன தடவ ஜெயிச்சா? யாரு தேய்ச்சு விட்ட குதிர அது? ஒன் கையால சம்பாதிச்ச மருந்துய்யா இது. பெரியாஸ்பத்திரி அரசாங்கத்தோடதுதான். ஆனா காலுக்கு வைத்தியம் பாத்தான்னு எவனும் கார்ட மறுக்க மாட்டான்."

நஸாரியோ மறுபடி உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கதவு வழியாகக் கூனிக் குறுகிப் போய் வந்த மனுஷன், முதல் தடவையாக அந்த அறையை நிமிர்ந்து சுற்றிப் பார்த்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் புண்ணைக் கீறிச் சுத்தம் செய்தார்கள். கறுத்ததை வெட்டி எடுத்தார்கள். எலும்புக்குப் போயிருந்தால் விரலை எடுக்கவேண்டும், அதற்கும் மேலே போயிருந்தால் பாதத்தையே எடுக்கவேண்டும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஒதிலியா வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தெரிந்த புனிதர் பேரையெல்லாம் சொன்னாள். கார்டைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை. அது இருக்கட்டும், போகட்டும், நாசமாய்ப் போகட்டும், அந்தக் காலை மட்டும் விட்டுவிடு என்று வேண்டினாள். டாக்டர் வெளியே வந்து, "எலும்புக்குப் போகலை. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா போயிருக்கும்" என்றபோது, யாரென்றும் பார்க்காமல் அந்த டாக்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

மரிசேலா ஓடி வந்து அப்பாவைத் திட்டினாள், அம்மாவைத் திட்டினாள், கடைசியில் கேண்டீனுக்குப் போன் போட்டு செஃபெரினோவையும் திட்டினாள். வக்கீலம்மா சொன்னதை மறுபடியும் எடுத்து வைத்தாள்: "மாசாமாசம் அரசாங்கம் குடுக்கிற ரொக்கத்துலயே பொழைக்கிறவங்க, காலம் பூரா அரசாங்கச் செலவுல விடுதியில படுத்துக் கிடக்கிறவங்க, அவங்களத்தான் பாப்பாங்க. நீ அஞ்சு நாள் கட்டில்ல படுத்தா அது கணக்கில்ல. எத்தன தடவப்பா சொல்றது?" அப்பா தலையாட்டினார். நம்பின மாதிரிதான் தெரிந்தது. ஆனால் நேர்காணலுக்கு முந்தின நாள், கட்டுப் போட்ட காலைத் தன் பண்டிகை பூட்ஸுக்குள் நுழைக்கப் பார்த்துக்கொண்டிருந்தவரை ஒதிலியா கையும் களவுமாகப் பிடித்தாள்.

"கட்டோட போனா என்ன நெனப்பாங்க?"

"கால் இருக்குன்னு நெனப்பாங்க. கழட்டு."

ஆக, இடது காலில் பளபளவென்று பாலிஷ் போட்ட பண்டிகை பூட்ஸ், வலது காலில் ஆஸ்பத்திரி கொடுத்த சாம்பல் நிறப் பெரிய காலணி, இப்படித்தான் நஸாரியோ அமெரிக்க அரசாங்கத்தைப் பார்க்கப் போனார்.

மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி அம்மாள் கண்ணாடி போட்டவள், சிரிக்காத முகம். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு பையன். பேர், பிறந்த ஊர், கல்யாணத் தேதி எல்லாம் கேட்டாள். பயங்கரவாதியா என்று கேட்டாள். இல்லை என்றார்கள். பிறகு தலையைத் தூக்காமலே, "அரசாங்கத்திடமிருந்து எப்போதாவது ரொக்க உதவி வாங்கியதுண்டா?" என்றாள்.

மகள் சொல்லிக்கொடுத்தது எல்லாம் நஸாரியோவுக்குப் பறந்துபோனது. இத்தனை மாதம் அடைத்து வைத்த பயம் மடை திறந்துகொண்டது.

"ரொக்கம் வாங்கலம்மா. ஆனா மறைக்க மாட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போனேன். அஞ்சு நாள் படுத்திருந்தேன். ஊசி, மருந்து, சாப்பாடு எல்லாம் குடுத்தாங்க, ஆரஞ்சு ஜூஸ்கூடக் குடுத்தாங்க. இவளும் கொதிப்பு மாத்திர வாங்கியிருக்கா. அவளுக்கு ஒண்ணும் செஞ்சிடாதீங்க. தப்பு என் மேலதான். மாமியார் மிதிச்ச அன்னிக்கே நான் காட்டியிருந்தா இவ்வளவு வந்திருக்காது."

ஒதிலியா மேஜைக்கு அடியில் அவர் கையைக் கிள்ளினாள். பையன் மொழிபெயர்த்து முடித்தான். அதிகாரி அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒதிலியாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்க அம்மாவா இவரை மிதிச்சாங்க?"

"ஐயோ இல்லம்மா! அது குதிரம்மா!"

சிரிக்காத முகம் சிரித்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். "நான் ரொக்கத்தைத்தான் கேட்டேன். ஆஸ்பத்திரியைக் கேட்கலை" என்றாள். பிறகு மூலையில் இருந்த காலி நாற்காலியைக் காட்டி, "அதை இழுத்துப் போட்டுக் காலை மேலே வையுங்க. தொங்கவிட்டா வீங்கும், எங்க அப்பாவுக்கும் இதே கதைதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். அவ்வளவுதான். இத்தனை மாதம் சோறு தண்ணி இறங்காமல் பயந்தது இவ்வளவுக்குத்தான்! ஒதிலியாவுக்கு அந்த இடத்திலேயே செஃபெரினோவின் கழுத்தை நெரிக்கவேண்டும் போலவும், விழுந்து விழுந்து சிரிக்கவேண்டும் போலவும் இருந்தது.

முடிவு தபாலில் வரும் என்று அனுப்பினார்கள். மே போய் ஜூனும் பாதி போனது. புண் மூடிக்கொண்டது. சாம்பல் காலணியைக் கழற்றி, பழைய பூட்ஸைப் போட்டுக்கொள்ளலாம் என்று தாமாரிஸ் சொல்லியும் ஒரு வாரம் ஆகிவிட்டது. ஆனாலும் நஸாரியோ முட்டை மேல் நடக்கிற மாதிரிதான் நடந்தார். மாமியாரின் கொட்டடிக்குள் போகும்போது அவளிடம் கும்பிடு போட்டுவிட்டுத்தான் போவார். வேகமாக ஒரு அடி வைக்க மாட்டார். அந்தக் கால் உண்மையில் எப்படி இருக்கிறது என்று ஒதிலியாவுக்குத் தெரியவே இல்லை. ஓடு என்று சொல்லவும் அவளுக்குப் பயம்.

ஒருநாள் காலை அவள் மாமியாரைப் பிடித்துக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தாள். மைதானத்து வாசல் பக்கமிருந்து ஒரு கூச்சல் கேட்டது. நஸாரியோ! தொப்பி எங்கோ விழுந்துவிட்டது. தலைக்கு மேலே ஒரு கையை உயர்த்தி, மரிசேலா கொண்டுவந்து கொடுத்த உறையை ஆட்டிக்கொண்டு, கெட்டித் தரையில் தட தடவென்று ஓடி வந்தார்.

"வந்துடுச்சுடி கிழவி! ரெண்டு பேருக்கும் வந்துடுச்சு!"

ஒதிலியா உறையைப் பார்க்கவில்லை. அவர் தலையைப் பார்த்தாள். இடது கால், வலது கால், இடது கால், வலது கால். தலை ஆடவே இல்லை. அடியெல்லாம் முழு அடியாக விழுந்தது.

அவர் மூச்சிரைக்க அவள் முன்னால் வந்து நின்று உறையை நீட்டினார். "பாருடி! ஒன் போட்டோகூட நல்லாத்தான் இருக்கு. பாரேன்!"

"அத அப்பறம் பாக்கலாம்" என்றாள் ஒதிலியா. கண்ணீர் தாரை தாரையாக ஓடிற்று, அவள் துடைத்துக்கொள்ளவில்லை. "அந்தக் கோடி வரைக்கும் போயிட்டு மறுபடி ஓடி வா."

"என்னடி வெளையாடுற?"

"ஓடுய்யா!"

நஸாரியோ உறையை அவள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி ஓடினார். மேஸ்திரி ஃபெர்மின் வெளியே வந்து, கண்ணைச் சுருக்கி, போகும்போதும் பார்த்தார், வரும்போதும் பார்த்தார்.

"நாலு காலும் சுத்தம்" என்றார்.